சொந்த எலும்பில் நடக்கிறவள்

என் தங்கைக்குக் காலில் வலி ஆரம்பித்தபோது அவள் விழுப்புரத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீடு கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் இருக்கிறது. காலையில் அவள் ஏறும் பஸ் திண்டிவனத்திலேயே நிறைந்து வந்துவிடும். விழுப்புரம் வரை நின்றுகொண்டேதான் போவாள். அதனால் வலது காலில், முழங்காலுக்கும் பாதத்துக்கும் நடுவில், முன்பக்க எலும்பு வலிக்கிறது என்று அவள் சொன்னபோது, பஸ்ஸில் நின்று வந்த வலி என்றுதான் நினைத்தோம். அம்மா தைலம் தேய்த்துவிட்டாள். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. பிறகு சும்மா படுத்திருக்கும்போதும் வலிக்க ஆரம்பித்தது.

வீட்டில் நாங்கள் மூன்றே பேர். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். எங்களுக்கு நிலம் கிடையாது. களை எடுக்கவும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை பிடுங்கவும் கூலிக்குப் போய்த்தான் அம்மா எங்களை வளர்த்தாள். நான் ஒரு பயிற்சி முடித்துவிட்டு மாடுகளுக்குச் சினை ஊசி போடும் வேலைக்கு வந்தேன். மாடு பருவத்துக்கு வந்து கத்துகிறது என்று போன் வந்தால் பைக்கின் பின்னால் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்புவேன். கேனுக்குள் திரவ நைட்ரஜன் இருக்கும். காளையின் விந்து அடைத்த மெல்லிய குச்சிகள் அதில் உறைந்து கிடக்கும். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழியும். தங்கை சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தப் புகையைப் பார்ப்பதற்காகவே நான் கேனைத் திறக்கும் நேரம் பார்த்து ஓடிவருவாள். கையை நீட்டினால் அடிப்பேன். விரல் பட்டால் தோல் வெந்துவிடும், அவ்வளவு குளிர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காலை நானே தடவிப் பார்த்தேன். தினமும் மாடுகளைத் தொட்டுப் பார்க்கிற கை. வீக்கமாக இருந்தால் அழுத்தும்போது அமுங்கும். அங்கே தட்டுப்பட்ட புடைப்பு எலும்போடு ஒட்டிக்கொண்டு கல்லைப் போல நின்றது. அம்மாவிடம் இனிமேல் தேய்க்காதே என்று மட்டும் சொன்னேன். மறுநாள் திண்டிவனத்துக்கு அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுத்தோம். அங்கிருந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் தங்கையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தாமதிக்காமல் சென்னைக்குப் போங்கள் என்றார். அவள் வெளியே போகவில்லை. என் கால்தானே, எனக்குத் தெரியட்டும் என்று அங்கேயே நின்றாள். அவளை அவ்வளவு பிடிவாதமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சென்னையில் ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி விட்டு எலும்பிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். எலும்பில் வந்த கேன்சர் என்று உறுதியானது. மார்புக்குள், நுரையீரலுக்குப் பரவவில்லை என்று தெரிந்த அன்று அம்மா ஆஸ்பத்திரி வாசலில் இருந்த வேப்பமரத்தைக் கும்பிட்டாள்.

முதலில் மருந்து ஏற்றினார்கள். தலைமுடி முழுக்கக் கொட்டிப்போனது. வாயெல்லாம் புண். எதைச் சாப்பிட்டாலும் வெளியே வந்தது. கேப்பைக் கூழைக் கரைத்து ஆறவைத்துக் கொடுத்தால் மட்டும் கொஞ்சம் நின்றது. ஒரு நாள் தங்கை கூழைக் குடித்துவிட்டு, கண்ணாடியைக் கேட்டு வாங்கித் தன் மொட்டைத் தலையைப் பார்த்து, தலை உருண்டையாகத்தான் இருக்கிறது, கோணலாக இருக்குமோ என்று பயந்திருந்தேன் என்றாள். அம்மா திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்ததற்கு அம்மா என்னை ரொம்ப நாள் திட்டினாள்.

மருந்து சுற்று முடிந்ததும் அறுவை சிகிச்சை பற்றிப் பேச எங்களைக் கூப்பிட்டார்கள். எலும்புக் கட்டிகளை மட்டுமே பார்க்கிற ஒரு டாக்டர் அம்மா. ஐம்பது வயதிருக்கும். எதையும் மறைக்காமல், ஆனால் மிரட்டாமல் பேசுவார். முழங்காலுக்கு மேலே காலையே எடுத்துவிட்டுக் கட்டைக் கால் பொருத்துவது ஒரு வழி என்றார். அதில் சீக்கிரம் நடந்துவிடலாம். கட்டியுள்ள எலும்பை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோகம் வைப்பது இன்னொன்று. மூன்றாவது வழியைச் சொல்லும்போது ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தார். கட்டியுள்ள துண்டு எலும்பை இரண்டு பக்கமும் நல்ல எலும்போடு சேர்த்து அறுத்து வெளியே எடுப்பார்கள். சதையையும் கட்டியையும் சுரண்டிச் சுத்தம் செய்து, திரவ நைட்ரஜனில் முக்கி, நோயைக் கொன்றுவிட்டு, அதே எலும்பை அதே இடத்தில் திரும்ப வைத்துத் தகடு போட்டுத் திருகாணியால் முடுக்குவார்கள். மேல் மூட்டும் கீழ் மூட்டும் அவளுடையதாகவே இருக்கும்.

நைட்ரஜன் என்ற சொல்லைக் கேட்டதும் நான் நிமிர்ந்தேன்.

"டாக்டர், கேன்ல புகையடிச்சுக்கினு இருக்குமே, அந்த நைட்ரஜனா?"

"அதேதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

என் வேலையைச் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்தது. எனக்கோ உள்ளே ஒரு பயம் புகுந்துவிட்டிருந்தது. அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதுல போட்டு வெச்சா எங்க சரக்கு வருஷக்கணக்குல உசுரோட கெடக்குது டாக்டர். நாங்க அத வெச்சுத்தான் கன்னுக்குட்டியே பொறக்க வெக்கிறோம். நீங்க அதுலயே போட்டு நோயக் கொல்றேன்றீங்க. கட்டியும் உசுரோட இருந்துடாதா?"

அவர் பேனாவை வைத்துவிட்டார். சரியான கேள்வி என்றார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். விந்தை உறைய வைப்பதற்கு முன்னால் அதைக் காப்பாற்றும் கலவை ஒன்றைச் சேர்க்கிறார்கள். பக்குவம் பார்த்துப் படிப்படியாகக் குளிரவைக்கிறார்கள். அதனால்தான் உயிர் நிற்கிறது. எலும்புக்கு அந்தக் காப்பு எதுவும் கிடையாது. அப்படியே முக்கும்போது ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாக மாறி அதைக் கிழித்துவிடும். கெட்டதும் சாகும், நல்லதும் சாகும். மிச்சம் இருப்பது வெறும் கூடுதான். ஆனால் பலமான கூடு. காய்ச்சினாலோ வேகவைத்தாலோ கெட்டுப்போகிற சில சத்துக்கள்கூட இதில் கெடாது. மேலேயும் கீழேயும் இருக்கும் உயிருள்ள எலும்பு மெல்ல மெல்ல அந்தக் கூட்டுக்குள் ஊர்ந்து போய்க் குடியேறும்.

விந்தோடு சேர்க்கும், முட்டை மஞ்சள்கரு கலந்த அந்தக் கலவையைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. இத்தனை வருடம் கேனைச் சுமந்திருக்கிறேன். உயிரைக் காப்பது குளிர் மட்டுமல்ல, அதற்கு முன் செய்யும் பக்குவமும்தான் என்பதை அன்று அந்த அறையில்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். பயம் போய்விட்டது.

இப்போது தங்கை கேட்க ஆரம்பித்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியுமா? குந்தி உட்கார முடியுமா? பஸ் படி ஏறலாமா? எலும்பு சேர்ந்துவிட்டால் ஆகலாம் என்றார் டாக்டர். சேர எவ்வளவு நாளாகும் என்றாள். ஒரு வருடமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம், அதுவரை அந்தக் காலைப் பார்த்துப் பார்த்துத்தான் ஊன்ற வேண்டும் என்றார். சேராமல் போகலாம். உடையலாம். சீழ் பிடிக்கலாம். நோய் திரும்பி வந்தால் காலை எடுக்கத்தான் வேண்டியிருக்கும். அவர் எதையும் விடவில்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை.

"எவ்ளோ நாளானாலும் ஆகட்டும் டாக்டர். என் எலும்பையே வெச்சுடுங்க."

வெளியே வந்ததும் அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. நோய் பிடித்ததை வெளியே எடுத்துவிட்டு மறுபடியும் அதையே உள்ளே வைப்பார்களா, ஊரில் யாராவது கேட்டால் சிரிக்க மாட்டார்களா என்றாள். நான் நைட்ரஜனைப் பற்றிச் சொன்னேன். அம்மாவுக்கு அதெல்லாம் ஏறவில்லை. மாட்டுக்கு ஊசி போடுகிறவன் டாக்டருக்குப் பரிந்து பேசுகிறான் என்றாள். தங்கைதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம வாசக்கால்ல கரையான் புடிச்சப்ப நீ இன்னா பண்ண? புதுசா வாங்குனியா? பேத்து எடுத்து, செதுக்கி, எண்ணெ அடிச்சு, அதையேதான நட்ட. இப்பவும் அதுலதானம்மா கதவு நிக்குது."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, உன் இஷ்டம் என்று சொல்லி எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனாள்.

அறுவை சிகிச்சை காலையில் தொடங்கி மதியம் தாண்டியும் நடந்தது. நானும் அம்மாவும் வெளியே உட்கார்ந்திருந்தோம். கேன் மூடியைத் திறந்தால் முதலில் ஒரு சீறல் வரும். வெதுவெதுப்பான பொருள் எதையாவது உள்ளே விட்டால் எண்ணெய்ச் சட்டியில் வடை போட்ட மாதிரி கொதிக்கும். என் தங்கையின் எலும்பு அதற்குள் இறங்கும்போது அப்படித்தான் கொதிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் என் காதிலேயே நின்றது. அம்மாவிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் டாக்டர் அம்மா வெளியே வந்தார். தொப்பியின் தடம் நெற்றியில் பதிந்திருந்தது. நல்லபடியாக முடிந்தது என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கென்றே தனியாகச் சொன்னார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான எலும்பு. முக்கி எடுத்தபோது வெள்ளை வெளேரென்று பனி பூத்திருந்ததாம். காற்றில் ஆறவைத்து, தண்ணீரில் கழுவி, எடுத்த இடத்தில் வைத்தார்களாம்.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி அப்படியே பொருந்துச்சு. பொருந்தாம இருக்குமா, அவளோடதுதானே" என்றார்.

மறுநாள் தங்கையைப் பார்க்க விட்டார்கள். மயக்கம் முழுதாகத் தெளியாத குரலில், வேறு யாருடைய எலும்பையாவது மாற்றி வைத்திருக்கப் போகிறார்கள், நன்றாகக் கேட்டாயா அண்ணா என்றாள். கேட்டேன், உன்னோடதுதான் என்றேன். அப்படியென்றால் சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே எடுத்த கட்டியைச் சோதித்துப் பார்த்ததில் முன்பு ஏற்றிய மருந்து நன்றாக வேலை செய்திருந்தது தெரிந்தது. மீதி மருந்தையும் ஏற்றி முடித்தார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தாவித்தான் கழிப்பறைக்குக்கூடப் போக வேண்டும். அம்மா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நான் காலையில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு வெளியே போவேன். திரும்பி வரும்போது அதே இடத்தில் இருப்பாள்.

ஒரு நாள் நான் திரும்பி வந்தபோது, கல்லூரித் தோழி ஒருத்தி கொண்டுவந்து கொடுத்த போட்டித் தேர்வுப் புத்தகங்கள் கட்டில் முழுக்கப் பரப்பிக் கிடந்தன. உடம்பை அலட்டிக்கொள்ளாதே, ஓய்வு எடு என்றேன்.

"காலைத்தான தரையில வெக்கக் கூடாதுன்னாங்க. தலை சும்மாதான இருக்குது" என்றாள்.

அன்றிலிருந்து என் வேலை கூடிப்போனது. சாப்பிடும்போதும் என்னிடம் புத்தகத்தைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்வாள். கணக்கும் வரலாறும் இலக்கணமும் எனக்கே பாடமாகிவிட்டன. ஒரு வீட்டில் மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே ஆகுபெயரின் வகைகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர் மாட்டுக்கு ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்.

சோதனைக்குப் போகும்போதெல்லாம் எக்ஸ்ரே எடுப்பார்கள். முழங்கால் பக்கம் இருந்த இணைப்பு முதலில் சேர்ந்தது. கீழ்ப்பக்க இணைப்பு சேரவில்லை. கறுப்பாக ஒரு கோடு. ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டைத்தான் முதலில் தேடுவேன். ஒரு வருடம் கடந்தும் அது அப்படியே இருந்தது. இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து அந்த இடத்தில் வைக்க வேண்டும், இன்னொரு அறுவை சிகிச்சை என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அம்மாள் பார்க்க வந்தவள், போகும்போது என்னை வாசலில் நிறுத்தி, "அப்பவே எடுத்துட்டு கட்டக் கால வெச்சிருந்தா இந்நேரம் நடந்துக்கினு இருக்கும் பாப்பா. உங்களுக்கு ஏன் இந்தப் பேஜாரு" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அது உள்ளே கேட்டுவிட்டது. எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. என் கேனின் மேல் இருந்த நம்பிக்கையில் அவளை இதற்குள் தள்ளிவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன்.

அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் சரியாக இருந்தது.

"நீ சொல்லி ஒண்ணும் நான் ஒத்துக்கலண்ணா. நான்தான் கேட்டேன். சேர்ற வரைக்கும் நான்தான் உக்காந்திருக்கணும். நீ போய் சாப்புடு."

அவள் அப்படித்தான். பிறகு அவளாகவே டாக்டருக்குப் போன் செய்து எப்போது வர வேண்டும் என்று கேட்டு, அந்த வாரமே போனாள். இரண்டாவது அறுவை சிகிச்சை சின்னதுதான். ஆனால் இடுப்பு வலிதான் அவளை அழ வைத்தது. கால் வலிக்குக்கூட அப்படி அழுததில்லை. மறுபடி வாக்கர், மறுபடி ஜன்னலோரம், மறுபடி புத்தகம். இதற்கு நடுவில் கல்லூரியில் விட்ட வருடத்தையும் படித்து முடித்தாள். போட்டித் தேர்வு எழுதும் இடத்துக்கு நான் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். ஊன்றுகோலைப் பெஞ்சில் சாய்த்து வைத்துவிட்டு எழுதினாளாம்.

தேர்வு முடிவு வந்த மாதத்தில்தான் அந்த எக்ஸ்ரேவும் வந்தது. டாக்டர் அம்மா கணினித் திரையைச் சுழற்றி எங்கள் பக்கம் காட்டினார். கோட்டைத் தேடினேன். காணோம். அந்த இடத்தில் மெல்லிய புகை மாதிரி வெள்ளையாக ஒன்று படர்ந்திருந்தது. எலும்பு கூடியிருக்கிறது என்றார். பக்கத்தில் நின்ற மாணவ மருத்துவர்களைக் கூப்பிட்டு, இந்தப் பொண்ணு சொன்னதை எல்லாம் செய்தாள், செய்யக் கூடாது என்றதை ஒன்றுகூடச் செய்யவில்லை, பாதி வைத்தியம் அவளுடையது என்று சொன்னார். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் குனிய வரவில்லை. அந்த மாணவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன்.

பிறகு காலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றிப் பழகினாள். வாக்கர் போய் ஊன்றுகோல், ஊன்றுகோல் போய் வெறுங்கால். ஒரு நாள் கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில் அவளைப் பஸ் ஏற்றிவிட நானும் நின்றேன். கை கொடுக்கப் போனேன். கம்பியைப் பிடித்து அவளே ஏறி, உள்ளேயிருந்து என்னைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினாள். பஸ் விழுப்புரம் பக்கம் திரும்பும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன். நிறுத்தத்துக் கடைக்காரர் டீ வேண்டுமா என்று கேட்டபோதுதான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

அவளுக்குக் கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ. வேலை கிடைத்தது. சேர்வதற்கு முன் உடல் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அம்மாவுக்கு அதுதான் பயம். தழும்பைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கேட்டால் விழுந்து அடிபட்டது என்று சொல்லிவிடு என்றாள். தங்கை கேட்கவில்லை. முதல் எக்ஸ்ரேயிலிருந்து கடைசி எக்ஸ்ரே வரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். பரிசோதித்த டாக்டரிடம் நடந்ததை எல்லாம் அவளே சொன்னாள். அவர் படங்களை வரிசையாகப் பார்த்தார். நடக்கச் சொன்னார். குந்தி உட்கார்ந்து எழச் சொன்னார். உட்கார்ந்தாள், கையை எங்கும் ஊன்றாமல் எழுந்தாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த எக்ஸ்ரேக்களைத் தன் போனில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று அவளிடம் அனுமதி கேட்டார்.

பெருமுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் பணி. திண்டிவனத்தில் வாடகைக்கு வீடு எடுத்து அம்மாவும் அவளோடு போய்விட்டாள். ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம் என்பதைத் தவிர டாக்டர் பெரிதாக எந்தக் கட்டுப்பாடும் சொல்லவில்லை. இப்போதும் சொன்ன நாள் தவறாமல் சோதனைக்குப் போகிறாள். மார்பு ஸ்கேன் எடுக்கும் நாட்களில் மட்டும் வீட்டில் யாரும் அதிகம் பேச மாட்டோம். இதுவரை எல்லாம் சுத்தமாக இருக்கிறது.

போன வருடம் கார்த்திகையில் விடாமல் மழை பெய்தது. ஏரிகள் நிரம்பி வயல்களில் தண்ணீர் நின்றது. பெருமுக்கல் பக்கம் ஊசி போடுகிறவர் ஊருக்குப் போயிருந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். மலைக்கு இந்தப் பக்கம், தங்கை வேலை பார்க்கும் அதே கிராமத்தில் ஒரு விவசாயி வீடு. அறுபது வயதிருக்கும். மாட்டைக் கொட்டகையில் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் யார், எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது. மழையைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்தது. நெல் போய்விட்டது என்றார். பிறகு, புதிதாக வந்திருக்கும் வி.ஏ.ஓ. அம்மாவைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ள ஆரம்பித்தார். நான் வெதுவெதுப்பான தண்ணீரில் விந்துக் குச்சியைப் போட்டு இளக வைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

"நெவாரணத்துக்கு எல்லா நெலமும் போச்சுன்னு எழுதிக் குடுங்கம்மான்னு ஆபீஸ்ல போய் கேட்டோம் தம்பி. உக்காந்த எடத்துல எழுதுற வேலதான? அந்தம்மா கேக்கல. நேர்ல பாக்கணும்னு கெளம்பி வந்துச்சு. வரப்பெல்லாம் தண்ணி, சேறு முட்டி வரைக்கும். செருப்பக் கழட்டிக் கையில வெச்சுக்கினு அந்தக் கோடி வரைக்கும் நடந்துச்சு. எனக்கே மூச்சு வாங்குது, அது பாட்டுக்கு ஜல்தி ஜல்தின்னு போய்க்கினே இருக்குது. அது கால் காலா, இன்னான்னு தெரியல."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். முழங்கால் சேற்றில் வழுக்கி விழுந்திருந்தால்? இவ்வளவு வருடம் காத்து வளர்த்த எலும்பு. போன் பண்ணித் திட்ட வேண்டும் என்று நினைத்தேன். பிறகு அவர் சொன்னது மறுபடி காதில் ஓடியது. அந்தக் கோடி வரைக்கும் நடந்தாள். அவருக்கு மூச்சு வாங்கியது. அவளைப் பார்த்து இந்த மனிதருக்குப் பரிதாபம் வரவில்லை. இவள் ஏன் இவ்வளவு நடக்கிறாள் என்று எரிச்சல்தான் வந்திருக்கிறது. என் தங்கையைப் பற்றி யாரும் என்னிடம் இதைவிட நல்ல வார்த்தை சொன்னதில்லை.

ஊசியைப் போட்டு முடித்தேன். கையுறையைக் கழற்றினேன். அவர் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, கையைக் கழுவிக்கொண்டே, உங்கள் நிலத்துக்கு என்ன எழுதினார் என்று கேட்டேன். மேட்டுப் பக்கம் பயிர் நிற்கிறது, அதை விட்டுவிட்டுப் பள்ளத்துப் பக்கம் மட்டும் எழுதியிருக்கிறார், அது நியாயம்தான், ஆனாலும் சேர்த்து எழுதியிருக்கலாம் என்றார்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அவ என் தங்கச்சிதாங்க" என்றேன்.

சொம்பு அப்படியே நின்றது. தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே தம்பி என்று தடுமாறினார். ஒன்றும் தப்பில்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. உட்காருங்கள், டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று தின்பண்டத் தட்டோடு வந்து, குரலைத் தாழ்த்தி, மேட்டுப் பக்கத்தையும் கொஞ்சம் பார்த்துச் சேர்க்கச் சொல்ல முடியுமா என்றார்.

"நான் சொன்னா அவ கேக்க மாட்டா. டாக்டர் சொன்னா மட்டும்தான் கேப்பா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்க எனக்கும் தோன்றவில்லை. அவள் காலைப் பற்றி அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டும் என்றால் அவளே சொல்லிக்கொள்ளட்டும்.

டீயைக் குடித்துவிட்டுக் கேனைப் பைக்கில் கட்டினேன். உள்ளே அவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. ஊசி போட வந்தவர் நம்ம வி.ஏ.ஓ. அம்மாவுக்கு அண்ணனாம் என்றார். அந்த அம்மாள் என்னைப் பார்ப்பதற்காகவே வாசல் வரை வந்தார். எனக்கும் அவசரமாகப் போக வேண்டிய வேலை எதுவும் இல்லை. கயிற்றை அவிழ்த்து இன்னொரு முறை நன்றாக இழுத்துக் கட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.